நிகோடின் மூளைல என்னதான் பண்ணுது? கடைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கொடைக்கானல் மலைப் பக்கம் பண்ணைக்காட்டுல மெடிக்கல் கடை வச்சிருக்கேன். பி.பார்ம் படிச்சவன், டாக்டர் இல்ல. பீடி, சிகரெட்ட விடுறதுக்கு நிகோடின் கம் கேட்டு வர்ற அண்ணன்மாரு, வீட்டுக்காரருக்குத் தெரியாம விசாரிக்க வர்ற அக்காமாரு, தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்துல இருந்து வர்றவங்கன்னு எல்லாரும் ஒரே சந்தேகத்தத்தான் சுத்திச் சுத்தி கேக்குறாங்க. கல்லால நின்னுக்கிட்டு பாதி பாதியா பதில் சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சிரலாம்னு தோணுச்சு. கேள்வி எல்லாம் அவங்க கேட்டபடியே இருக்கு.

"தம்பி, மூளைக்குள்ள நிகோடினுக்குன்னே ரிசெப்டர் இருக்காமே, அப்ப மனுஷன் பீடி குடிக்கணும்னே கடவுள் படைச்சிருக்கானா?"

இல்ல பெரியப்பா. நம்ம உடம்பே அசிட்டைல்கோலின்னு ஒரு கெமிக்கல் தயாரிக்குது. நரம்பு தசைய சுருங்கச் சொல்றது, மூளைல கவனம், ஞாபகம், முழிப்பு இதெல்லாம் அதை வச்சுத்தான் ஓடுது. அது வந்து உக்கார்ற இடம்தான் இந்த ரிசெப்டர். புகையிலைச் செடி தன் இலையத் திங்க வர்ற பூச்சிய கொல்றதுக்காக நிகோடின் தயாரிக்குது, அதோட வடிவம் அசிட்டைல்கோலினுக்கு கொஞ்சம் பொருந்திப் போகுது, அதனால அதே இடத்துல போய் உக்காந்துக்குது. நம்ம மூளைய மனசுல வச்சு அந்தச் செடி எதையும் செய்யல.

வித்தியாசம் ஒண்ணு இருக்கு, இத புடிச்சுக்கிட்டா மிச்ச பதில் எல்லாம் தானா புரியும். அசிட்டைல்கோலின் உக்காந்த உடனே அத உடைச்சுப் போட ஒரு என்சைம் பக்கத்துலயே காத்துக்கிட்டு இருக்கு, ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுல வேலை முடிஞ்சிரும். நிகோடின அந்த என்சைம் தொடாது. அது கல்லீரலுக்குப் போய்த்தான் உடையணும், ரத்தத்துல பாதியா குறையவே சுமார் 2 மணி நேரம் ஆகுது.

"ரிசெப்டர் ரிசெப்டர்ங்கறீங்க, யாராச்சும் கண்ணால பாத்திருக்காங்களா?"

பாத்திருக்காங்க. அஞ்சு புரதத் துண்டு வட்டமா நிக்கும், நடுவுல ஓட்டை, சும்மா இருக்கும்போது அந்த ஓட்டை மூடியிருக்கும். ரெண்டு துண்டுக்கு இடுக்குல அசிட்டைல்கோலினோ நிகோடினோ வந்து உக்காந்தா ஓட்டை திறந்து சோடியமும் கொஞ்சம் கால்சியமும் உள்ள பாயும், செல் உசுப்பேறும். நைஜல் அன்வின்னு ஒருத்தர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ப வச்சு வருஷக்கணக்கா உழைச்சு 2005-ல இதோட அமைப்ப 4 ஆங்ஸ்ட்ராம், அதாவது மில்லிமீட்டர்ல கோடில நாலு பங்கு, துல்லியத்துல காட்டினார்.

ஆனா கதை அதுக்கு 100 வருஷம் முந்தி ஆரம்பிச்சது. 1905-ல கேம்பிரிட்ஜ்ல ஜான் லாங்லிங்கறவர் கோழித் தசைல நிகோடின் விட்டுப் பாத்தார், சுருங்குச்சு. நரம்ப வெட்டி அந்த நரம்பு செத்துப் போன பிறகு விட்டாலும் சுருங்குச்சு. தென் அமெரிக்காவுல அம்பு நுனில தடவுற க்யூராரே விஷத்த குடுத்தா மட்டும் அடங்குச்சு. அப்ப விஷயம் நரம்புல இல்ல, தசை மேலயே நிகோடின வாங்கிக்கிற ஏதோ ஒண்ணு இருக்குன்னு அவர் சொன்னார். சொன்னாரே தவிர, அத வெளிய எடுத்துக் காட்ட இன்னும் 65 வருஷம் ஆச்சு.

"பாம்பு விஷத்த வச்சுத்தான் புடிச்சாங்கன்னு நீங்க ஒரு நாள் சொன்னீங்களே அண்ணே, அது எப்பிடி?"

பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ழான்-பியேர் ஷாஞ்சேன்னு ஒரு மூளை விஞ்ஞானி. நம்ம தசைல இந்த ரிசெப்டர் ரொம்ப கம்மி, அத வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. தென் அமெரிக்க ஆத்துல இருக்கிற மின்சார ஈல் மீனோட ஷாக் அடிக்கிற உறுப்புல இது குமிஞ்சு கிடக்கும், அதனால அவர் அந்த மீன எடுத்துக்கிட்டார். தைவான்ல சென்-யுவான் லீங்கறவர் கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒண்ணோட விஷத்துல இருந்து ஆல்ஃபா-பங்காரோடாக்சின்னு ஒரு பொருள பிரிச்சு வச்சிருந்தார். அது இந்த ரிசெப்டர்ல ஒட்டுச்சுன்னா லேசுல விடாது. ஈல் உறுப்ப கரைச்சு, விஷம் எதுல போய் ஒட்டுதுன்னு தேடினா அதுதான் ரிசெப்டர். 1970-ல ரெண்டு பேரும் சேர்ந்து அறிவிச்சாங்க. நல்லபாம்பு கடிச்சா இமை தொங்கி கடைசில மூச்சு நிக்குதே, அதுவும் இதே தசை ரிசெப்டர விஷம் அடைச்சுக்கிறதாலதான்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது முயல் கதை. 1973-ல பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம்னு ரெண்டு பேர் ஆன்டிபாடி தயாரிக்கிறதுக்காக ஈல் ரிசெப்டர முயலுக்கு ஊசி போட்டாங்க, முயல் எல்லாம் கை கால் தளர்ந்து விழுந்துருச்சு. மயஸ்தீனியா கிரேவிஸ்னு ஒரு நோய், சாயங்காலம் ஆக ஆக இமை தொங்கி பலம் குறையும், அதுல உடம்பே தன் ரிசெப்டர தாக்குதுங்கறது அப்பத்தான் தெளிவாச்சு. எங்க கடைல இந்த நோய்க்கு பைரிடோஸ்டிக்மின் மாத்திரை வாங்குறவங்க யாராச்சும் இத படிச்சா, உங்க மாத்திரைக்குப் பின்னாடி இருக்கிற கதை இதுதான்.

"ஒரே ஒரு இழுப்புதான இழுத்தேன், அதுல என்ன ஆயிரப் போகுது?"

புகை நுரையீரலுக்குப் போய் அங்கிருந்து மூளைக்கு நிகோடின் சேர 10ல இருந்து 20 செகண்ட். ஊசி போட்டாக்கூட அவ்ளோ வேகம் வராது. மூளைல நிகோடினுக்கு ரொம்ப இளகுற ரிசெப்டர் ரகம் ஒண்ணு இருக்கு, அதுல சேர்ற ரெண்டு ரகத் துண்டோட பேர வச்சு ஆல்ஃபா-4 பீட்டா-2ன்னு பேரு, கீழ அடிக்கடி வரும். 2006-ல கலிஃபோர்னியால ஆர்தர் பிராடி குழு சிகரெட் குடிக்கிறவங்க மூளைய ஸ்கேன் எடுத்துப் பாத்தப்ப, ஒண்ணு ரெண்டு இழுப்புலயே இந்த ரகத்துல பாதிய நிகோடின் புடிச்சுக்கிச்சு, 3 மணி நேரம் கழிச்சும் அங்கேயே இருந்துச்சு. முழு சிகரெட்டுக்கு 88 சதவீதத்துக்கு மேல.

"அப்ப ரிசெப்டர் எல்லாம் நிறைஞ்சுதான இருக்கு, ஏன் அரை மணிக்கு ஒருக்கா குடிக்கத் தோணுது? காலைல முத பீடி மட்டும் ஏன் அவ்ளோ ருசி?"

நல்ல கேள்வி, இத கேட்டது பத்தாவதோட படிப்ப நிறுத்தின ஒரு ஜீப் டிரைவர் அண்ணன். நிகோடின் நேரங்காலம் இல்லாம உக்காந்தே இருந்தா ரிசெப்டர் கொஞ்ச நேரத்துல மரத்துப் போயிரும், திறக்காது. பகல் பூரா ஒண்ணு மாத்தி ஒண்ணு குடிக்கிறவரோட ரிசெப்டர் பெரும்பகுதி மரத்த நிலைலதான் இருக்கு. கொஞ்சம் விட்டா ஒவ்வொண்ணா முழிச்சுக்கிட்டு கேக்க ஆரம்பிக்கும், எரிச்சல் வரும், இன்னொன்ன பத்த வைப்பார். அப்ப அவர் பாதி நாள் குடிக்கிறது சுகத்துக்கு இல்ல, அந்த எரிச்சல அமத்துறதுக்கு.

ராத்திரி 7, 8 மணி நேரம் தூங்கும்போது நிகோடின் பெரும்பாலும் வடிஞ்சிருது, ரிசெப்டர் நிறைய முழிச்சிக்கிட்டு காத்திருக்கு. முத பீடிக்கு ஒட்டுமொத்தமா திறக்குது. எந்திரிச்சு அரை மணிக்குள்ள பத்த வைக்கிறீங்களான்னு நான் கேக்குறது இதுக்குத்தான், அடிமைத்தனத்த அளக்க டாக்டருங்களும் முதல்ல கேக்குறது அதான்.

"நாங்க புகையே விடுறதில்ல கண்ணு, வெத்தலைல கொஞ்சூண்டு போயிலை மட்டும்தான். அதுகூடவா மூளைக்குப் போகும்?"

போகும் பாட்டி. அதுல சுண்ணாம்பு தடவுறீங்கள்ல, அதுதான் வழி விடுற ஆளு. நிகோடின் புளிப்புல இருந்தா உப்பு நிலைல நிக்கும், வாய்த் தோல தாண்டாது. சுண்ணாம்பு பட்டு காரத்தன்மை ஏறினா சுதந்திரமான நிகோடினா மாறி கன்னத்து வழியா நேரா ரத்தத்துல இறங்கும். புகை அளவுக்கு வேகம் இல்ல, ஆனா அடக்கி வச்சிருக்கிற நேரம் பூரா இறங்கிக்கிட்டே இருக்கும். புகை இல்லங்கறதால வாய்ப் புத்துநோய் வராதுன்னும் இல்ல, போயிலைலயே நைட்ரோசமைன்னு புத்துநோய் வரவைக்கிற பொருள் இருக்கு.

"சிகரெட்ட விட பீடில போயிலைத் தூள் கம்மிதானே?"

தூள் கம்மி, ஆனா நிகோடின் செறிவு கூட. பீடி சுத்துற தெந்து இலைல காத்து புகாது, அணையாம வச்சுக்க அடிக்கடி இழுக்கணும், ஆழமாவும் இழுக்கணும். கடைசில உடம்புக்குள்ள போறது சிகரெட்டுக்குச் சமம், சில நேரம் மேல.

"ஆல்ஃபா-4 பீட்டா-2ங்கறீங்க, அத்தன ரகம் இருக்கும்போது இதுதான் குத்தவாளின்னு எப்பிடிச் சொல்றாங்க?"

எலிய வச்சு. மனுஷ உடம்புல இந்த ரிசெப்டர் துண்டு மொத்தம் 16 ரகம், அதுல அஞ்சு தசைக்கு, 11 நரம்புக்கு. அஞ்சு அஞ்சா பல விதமா சேரும், அதனால எந்தக் கூட்டணி அடிமையாக்குதுன்னு சொல்றது லேசு இல்ல. மரீனா பிச்சியாட்டோன்னு ஒரு அம்மா, ஷாஞ்சேயோட லேப்ல வேலை பாத்தவங்க, பீட்டா-2 துண்டுக்கான ஜீன மட்டும் எடுத்துட்ட எலி உருவாக்கினாங்க. 1998-ல வந்த முடிவு இது: எலிகள முதல்ல கொக்கைன் தானா எடுத்துக்கப் பழக்கி, அப்புறம் அதே குழாய்ல நிகோடின மாத்தி விட்டாங்க. சாதா எலி நிகோடினையும் தொடர்ந்து கேட்டுச்சு. பீட்டா-2 இல்லாத எலி சீக்கிரமே விட்டுருச்சு. கொக்கைன்ல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, அதனால எலிக்கு மந்த புத்தி, பட்டன் அமுக்கத் தெரியலன்னு சாக்கு சொல்ல முடியாது. எனக்கு அந்த சோதனைல புடிச்சதே அந்த ஒரு ஏற்பாடுதான்.

2005-ல ஊவே மாஸ்கோஸ் குழு அடுத்த படிக்குப் போச்சு. பீட்டா-2 இல்லாத எலியோட மூளைல வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியாங்கற குட்டி இடத்துல மட்டும், 'இன்னும் வேணும்'னு ஆசைய தூண்டுற டோபமைன்ங்கற கெமிக்கல் அங்க இருந்துதான் கிளம்புது, வைரஸ் மூலமா அந்த ஜீன திருப்பி வச்சாங்க. எலி மறுபடி நிகோடின் கேட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷம் கலிஃபோர்னியால கால்டெக் பல்கலைக்கழகத்துல ஹென்றி லெஸ்டர் குழு தலைகீழா பண்ணிச்சு, ஆல்ஃபா-4 துண்ட ரொம்ப சென்சிடிவ்வா மாத்தினா துளியூண்டு நிகோடினுக்கே எலி ஆசைப்பட்டு அலைஞ்சுச்சு. மூணையும் சேத்துப் பாத்தா தப்பிக்க வழி இல்ல.

"குடிக்கக் குடிக்க ரிசெப்டர் கூடுதாமே, அப்ப விடவே முடியாதா?"

கூடுறது உண்மை. வழக்கமா ஒரு மருந்த தொடர்ந்து குடுத்தா அதோட ரிசெப்டர் குறையும், நிகோடின்ல நேர் எதிர். 1983-லயே எலில பாத்தாங்க, பிறகு இறந்து போன புகைபிடிப்பவங்க மூளைலயும் பாத்தாங்க. ஏன்னா நிகோடின் செல்லுக்கு உள்ளயும் நுழைஞ்சிரும், அங்க அரைகுறையா கோத்துக் கிடக்கிற துண்டுகள ஒழுங்கா சேர வச்சு வெளிய அனுப்புதுன்னு லெஸ்டர் குழு காட்டிச்சு. அசிட்டைல்கோலினால உள்ள நுழைய முடியாது, அதனால இந்த வேலை அதால ஆகாது.

விட முடியாதுங்கறது பொய். யேல் பல்கலைக்கழகத்துல கெல்லி காஸ்குரோவ் குழு விட்டவங்கள ஸ்கேன் பண்ணினப்ப, முத மாசம் பூரா ரிசெப்டர் கூடுதலாவே இருந்துச்சு, 6ல இருந்து 12 வாரத்துல குடிக்காதவங்க அளவுக்கு இறங்கிருச்சு. அதனால "ரெண்டு வாரம் விட்டேன், இன்னும் பைத்தியம் புடிக்குது, எனக்கெல்லாம் மனக்கட்டுப்பாடு இல்ல"ன்னு திரும்பப் போற மாப்ளைங்களுக்கு நான் சொல்றது, உங்க மனசுக்கும் அதுக்கும் சம்பந்தம் கம்மி, இன்னும் கணக்கு தீரல, அவ்ளோதான்.

"குளிருக்கு ஜீப் கண்ணாடிய ஏத்திவிட்டு ஒருத்தர் குடிக்கிறார், பக்கத்துல இருக்கிற எனக்கும் ஏறுமா?"

ஏறும். பிராடி குழுவே 2011-ல கார்ல 1 மணி நேரம் அடுத்தவங்க புகைல உக்காந்தவங்கள ஸ்கேன் பண்ணிச்சு, ரிசெப்டர்ல சராசரியா 19 சதவீதம் அடைஞ்சிருந்துச்சு. வத்தலகுண்டுல இருந்து மேல ஏறி வர்ற நேரமும் கிட்டத்தட்ட அவ்ளோதான். புதுசா விட்டவர்னா கண்ணாடிய இறக்கச் சொல்லுங்க, குளிர் பரவால்ல.

"பீடிய விட்டதுல இருந்து காப்பி குடிச்சா தூக்கமே வரமாட்டேங்குது, விட்டதே தப்போ?"

தாண்டிக்குடி பக்கம் இது கேக்காத வாரம் இல்ல. புகையோட தார்ல இருக்கிற கெமிக்கல் கல்லீரல்ல ஒரு என்சைம தூண்டி விடுது, அது காப்பியோட கஃபீன வேகமா உடைக்கும். விட்டுட்டா அந்த வேகம் குறைஞ்சிரும், அதே ரெண்டு டம்ளர் காப்பிக்கு ரத்தத்துல கஃபீன் கிட்டத்தட்ட டபுளா நிக்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாத்தையும் நிகோடின் மேல போட்டுட்டு திரும்ப பத்த வைக்காதீங்க, காப்பிய பாதியா குறைச்சுப் பாருங்க. இது நிகோடினால இல்ல, புகையால, அதனால போயிலை போடுறவங்களுக்கு இந்தக் கணக்கு வராது.

"கம் மென்னு பாத்தேன், தொண்டை எரிஞ்சுச்சு, ஒண்ணும் வேலை செய்யல."

சூயிங் கம் மெல்ற கணக்கா மென்னிருப்பீங்க. ரெண்டு மூணு கடி, காரம் தெரிஞ்சதும் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், காரம் போனதும் மறுபடி. விடாம மென்னா எச்சில்ல கலந்து வயித்துக்குப் போய் விக்கல்தான் வரும். காப்பி, ஜூஸ், கோலா எதுவும் கால் மணி முந்தியும் வேணாம், மெல்லும்போதும் வேணாம், அந்தப் புளிப்புல நிகோடின் உப்பா மாறிரும், மேல சுண்ணாம்பு கேள்வில சொன்னதேதான், கம்முக்குள்ளயும் புளிப்ப முறிக்கிற காரத்தன்மைக்கு கார்பனேட் போட்டிருக்காங்க. எந்திரிச்சு அரை மணிக்குள்ள குடிக்கிற ஆளுக்கு 4 மில்லிகிராம், இல்லன்னா 2. மெதுவா ஏறுறதால புகையோட அந்த உதை வராது, வரவும் கூடாது.

"வரெனிக்ளின்னு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு டாக்டர், அதுவும் நிகோடினா?"

இல்ல. அதே ஆல்ஃபா-4 பீட்டா-2-ல போய் உக்காரும், ஆனா முழுசா திறக்காது, அடுப்ப சிம்ல வச்ச மாதிரி கொஞ்சமா மட்டும் எரிய விடும். எரிச்சலும் அடங்கும், நடுவுல ஒரு பீடி குடிச்சாலும் இடம் ஏற்கெனவே புடிச்சாச்சு, ருசி தெரியாது. சைடிசின்னு ஒரு செடிப் பொருள மாத்திச் செஞ்சது இது, அந்த சைடிசின 1960கள்ல இருந்தே பல்கேரியாவுல மாத்திரையா வித்துக்கிட்டு இருக்காங்க. வரெனிக்ளினுக்கு அமெரிக்காவுல 2006-ல அனுமதி.

குமட்டல் வரும், சாப்பிட்டுட்டு போடுங்க. கனவு கலர் கலரா வரும். மனநோய் வரும்னு முன்னாடி ஒரு பயம் இருந்துச்சு, 2016-ல 8,000 பேருக்கு மேல வச்சு நடத்தின சோதனைல அப்பிடி கூடுதலா வரல. கிட்னி பிரச்சன இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க, சீட்டு இல்லாம நான் தரமாட்டேன்.

"எங்க மச்சான் நாளுக்கு ரெண்டு பீடியோட நிப்பாட்டிக்கிறாரு, எனக்கு ரெண்டு கட்டு பத்தல. ஏன்?"

ஆல்ஃபா-5ன்னு இன்னொரு துண்டு. மூளைல ஹாபெனுலாங்கற இடத்துல அது நிறைய இருக்கு, வேலை என்னன்னா நிகோடின் அளவு மீறினா "போதும், குமட்டுது"ன்னு சொல்றது. 2011-ல பால் கென்னி குழு ஆல்ஃபா-5 இல்லாத எலிகளுக்கு அளவு கூட்டிக்கிட்டே போனாங்க, சாதா எலி ஒரு கட்டத்துல நிறுத்திக்கிச்சு, இது நிறுத்தவே இல்ல. மனுஷங்கள்ல 15-வது குரோமோசோம்ல இருக்கிற இந்த ஜீன்ல ஒரு எழுத்து மாறியிருந்தா கூடுதலா குடிக்கிறாங்க, நுரையீரல் புத்துநோய் வாய்ப்பும் கூடுதுன்னு 2008-ல பல நாட்டு ஆய்வுகள் சொல்லிச்சு. மச்சான் உங்கள விட ஒழுக்கமானவரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அவருக்கு சீக்கிரம் குமட்டலாம்.

"தசைலயும் இதே ரிசெப்டர்ங்கறீங்க, பின்ன ஏன் பீடி குடிச்சா கை கால் இழுக்கல?"

இத கேட்டது பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பொண்ணு, டாக்டர் ஆவான்னு நினைக்கிறேன். நிகோடின் உக்கார்ற இடுக்குல டிரிப்டோஃபான்னு ஒரு அமினோ அமிலம், அதாவது புரதத்தோட ஒரு கண்ணி, இருக்கு, மூளை ரகத்துல நிகோடின் அதோட நல்லா இறுகிப் புடிச்சுக்கும். தசை ரகத்துலயும் அதே டிரிப்டோஃபான் இருக்கு, ஆனா பக்கத்துல வேற ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கறதால இடுக்கோட வடிவம் கொஞ்சம் தள்ளிப் போய் பிடி கிடைக்கல. கால்டெக்ல டஹர்ட்டியும் மேல சொன்ன லெஸ்டரும் 2009-ல காட்டினது. அந்த ஒரு இடம் அப்பிடி அமையலைன்னா புகைபிடிக்கிறவங்க எல்லாம் தசை வெட்டி விழுந்திருப்பாங்க, லாங்லி கோழிக்கு விட்ட அளவு நம்ம ரத்தத்துல ஏறுற அளவ விட ரொம்ப அதிகம்.

"மழைல தோட்டத்துக்குள்ள போக போயிலைத் தண்ணில சாக்ஸ நனைச்சுக்கிறோம், அட்டை கிட்டவே வராது. அதுவும் ரிசெப்டரா?"

அட்டையோட தசைலயும் நிகோடின் ரிசெப்டர் இருக்கு, நிகோடின் பட்டா சுருண்டுக்கும். விஞ்ஞானிங்க அட்டைய வச்சு பெரிய வேலையே பாத்திருக்காங்க: 1930கள்ல அசிட்டைல்கோலின் துளியூண்டு இருக்கான்னு கண்டுபிடிக்க மெஷின் கிடையாது, அட்டைத் தசைய ஒரு துண்டு தொங்கவிட்டு அது சுருங்குதான்னு பாத்தாங்க. ஜெர்மனில இருந்து 1933-ல லண்டன் போன ஃபெல்ட்பெர்க் இந்த முறைய ஹென்றி டேலோட லேபுக்கு கொண்டு போனார். நரம்பு தசைகிட்ட அசிட்டைல்கோலின் மூலமா பேசுதுன்னு அங்க நிரூபிச்சாங்க, டேலுக்கு 1936-ல நோபல்.

ஆனா நனைஞ்ச போயிலை உங்க தோல் வழியாவும் இறங்கும். ஈர இலைய பறிக்கிற கூலியாளுங்களுக்கு தலைசுத்தலும் வாந்தியும் வர்ற ஒரு நோயே இருக்கு. சாக்ஸுக்கு மேல இன்னொரு சாக்ஸ் போட்டு வெளிய இருக்கிறத மட்டும் நனைங்க. கர்ப்பமா இருக்கிறவங்க வேணவே வேணாம்.

"கேரட்டுக்கு அடிக்கிற மருந்துலயும் நிகோடின் இருக்காமே?"

நிகோடின் இல்ல, இமிடாகுளோப்ரிட் வகை மருந்து அதே ரிசெப்டர புடிக்கிற சொந்தக்காரன். பூச்சியோட ரிசெப்டர்ல இறுகவும் நம்மதுல லேசாவும் ஒட்டுற அளவுக்கு செஞ்சது. தேனீயும் பூச்சிதான், அதனால பூத்திருக்கும்போது அடிக்காதீங்க.

"கத்திரிக்கால நிகோடின் இருக்குன்னு வாட்ஸப்ல வந்துச்சு."

இருக்கு, ஒரு சிகரெட்டுல உடம்புக்குள்ள போற அளவுக்கு 10 கிலோ கத்திரிக்கா சாப்பிடணும்.

"நிகோடின் பார்கின்சன் நோய்க்கு நல்லதாமே, அப்ப கொஞ்சம் குடிக்கலாமா?"

புகைபிடிக்கிறவங்களுக்கு பார்கின்சன் கம்மியா வருதுங்கறது ரொம்ப நாளாவே தெரிஞ்ச கணக்கு. அத வச்சு நோய் ஆரம்ப நிலைல இருக்கிறவங்களுக்கு ஒரு வருஷம் நிகோடின் பட்டை ஒட்டிப் பாத்தாங்க, 2023-ல முடிவு வெளிவந்துச்சு, நோய் மெதுவாகல. பீடி குடிக்க இது ஒரு சாக்கா தேறாது.

"மூணு மாசமாச்சு தம்பி, நீங்க சொன்னபடி ரிசெப்டர் எல்லாம் இறங்கியிருக்கும். ஆனா டீக்கடைல நின்னா இன்னும் கை சட்டைப் பைக்குப் போகுதே, அது ஏன்?"

ரிசெப்டர் எண்ணிக்கை இறங்கிருச்சு, ஆனா அதுங்க வழியா டோபமைன் பல வருஷமா எழுதி வச்ச பாடம் அழியல. டீக்கடை, அந்த பெஞ்சு, அந்த நண்பர், பால் கொதிக்கிற வாசனை, இது ஒவ்வொண்ணும் நிகோடின் வரப்போகுதுங்கறதுக்கு அடையாளமா மூளைல பதிஞ்சு போச்சு. நிகோடின் பழகின எலிகளுக்கும் இதே கதைதான், நிகோடின நிறுத்திட்டு அது வரும்போது எரிஞ்ச லைட்ட மட்டும் போட்டாலே மறுபடி லீவர அமுக்கும்.

இது ஸ்கேன்ல தெரியுற கணக்கு இல்ல, 12 வாரத்துல முடியும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒவ்வொரு தடவ அதே பெஞ்சுல டீ மட்டும் குடிச்சுட்டு எந்திரிக்கும்போது அந்தப் பாடத்து மேல புதுசா ஒரு வரி எழுதுறீங்க. கை பைக்குப் போன அந்த வேகம் சில நிமிஷத்துல தணிஞ்சிரும், அதுவரைக்கும் கைக்கு வேற ஏதாச்சும் குடுங்க. தனியா முடியலைன்னா 1800-11-2356, அரசாங்கத்தோட இலவச நம்பர், தமிழ்லயும் பேசுவாங்க.